கயிறு கட்டிய தெரு

புன்தா அரேனாஸில் கோடைக்காற்று தொடங்கினால்
நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
ஆளைத் தூக்கும் காற்று.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
"அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு" என்பான்
என் தம்பி யெர்கோ.
நீரிணை கடந்து பொர்வெனீர் போகும் படகில்
இருபத்தாறு வருடம் கயிறு வீசியவன்.
ஒரே வீச்சு,
கரையிலுள்ள கட்டுத்தறியில் போய் விழும்.

இப்போது அந்தக் கை
அவன் மடியில் கிடக்கிறது,
பேருந்தில் யாரோ விட்டுவிட்டுப் போன குடை மாதிரி.
மூளையில் ரத்தம் கசிந்த அன்று
எல்லாச் சொல்லும் வடிந்துபோய்
ஒன்று மட்டும் தங்கியது:
செவ்வாய்.

தாகம் என்றால் செவ்வாய்.
முதுகு வலித்தால் செவ்வாய்.
வானொலியை நிறுத்து, மாதா படத்தைத் திருப்பி வை,
அடி கழுதை, மெதுவாய்த் தூக்கு,
எல்லாம் செவ்வாய்தான்.
முதல் மாதம் திருத்திப் பார்த்தேன்:
இன்று வியாழன், யெர்கோ.
அப்புறம் விட்டுவிட்டேன்.
தொனியை வைத்துப் பிரித்துக்கொள்வேன்.
தண்ணீரில் மாவு கலந்து
கூழாக்கித்தான் தர வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும்.
தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுவது
இன்னும் எனக்குப் பழகவில்லை.

ஞாயிறுதோறும் வால்பராய்சோவிலிருந்து
அண்ணன் பேசுவான்.
"நீ ஒரு புனிதவதி, மிலென்கா."
புனிதவதிகளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு
என்று கேட்க வாய்வரை வரும்.
காற்று இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை என்று
ஃபோனை வைத்துவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
மார்ச்சில் ஓர் இரவு
அவன் மூச்சு நின்றது.
இருட்டில் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது.
பயம் வரவில்லை அப்போது.
ஜன்னலை யாரோ திறந்துவிட்ட மாதிரி
ஒன்று வந்தது.
மெத்தையை வெளியே போட்டுவிடலாம்,
அறைக்குச் சாயம் அடிக்கலாம், மஞ்சள்,
என்பதுவரை போய்விட்டேன்.
பதினொன்றில் மூச்சு திரும்பியது.
பயம் அதற்குப் பிறகு வந்தது,
அவனை நினைத்து அல்ல.
காலையில் சவரம் செய்கையில்
தாடையை வழக்கத்தைவிட மெதுவாகப் பிடித்தேன்.
கண்ணைப் பார்க்கவில்லை.

இன்று பக்கத்து வீட்டு நோர்மியை
அவனருகே உட்காரவைத்துவிட்டு
மருந்துக்கடைக்குப் போனேன்.
காற்று பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு சிறுவன் ஐஸ்கிரீம் சிந்தாமல்
தெருவைக் கடந்துகொண்டிருந்தான்.
ஆனாலும் முனையில் நின்று
கயிற்றைப் பிடித்தேன், இரண்டு கையாலும்.
இந்த ஊரில் கயிற்றைப் பிடித்து நிற்பவளிடம்
யாரும் எதுவும் கேட்பதில்லை.
முழு எடையையும் அதன்மேல் போட்டேன்.
கொஞ்சம் தொய்ந்தது.
அறுந்துவிடவில்லை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நோர்மி இருமுறை ஃபோன் செய்திருந்தாள்.

கடைப்பெண் புதியவள்.
டயப்பர் கட்டை மேஜைமேல் வைத்து
"எப்படி இருக்கிறீர்கள், சென்யோரா?" என்றாள்.
நன்றாக இருக்கிறேன், நன்றி என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"செவ்வாய்" என்றேன்.
அவள் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள்.
"இன்று வெள்ளி" என்றாள்,
முதல் மாதத்தில் நான் சொன்ன அதே குரலில்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் அளவு தப்பு.
இது மெலிந்த ஆளுக்கானது.
யெர்கோ எதில் மெலிந்தாலும் இடுப்பில் மெலியவில்லை.
மறுபடி கோட்டை மாட்டினேன்.
அதற்குள் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது,
இந்தமுறை நிஜக் காற்று.

இடது கையால் ஜன்னலைக் காட்டி
"செவ்வாய்" என்றான்.
கயிற்றைப் பிடித்துக்கொள் என்கிறானா,
மெதுவாகவே வா என்கிறானா,
தொனி பிடிபடவில்லை.
சரி சரி என்று சொல்லிவிட்டுக்
கதவை இழுத்துச் சாத்தினேன்.
காற்றில் அது இரண்டு தடவை திறந்துகொண்டது.